டிரம் பலகைக் கதவு

போன மாதம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவள் ரேவதி; நான் ஓய்வு பெற்ற பிறகு ஸ்டோரில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். சைட் கேட்டில் புதிதாக மாட்டிய போர்டைப் படம் எடுத்திருந்தாள். கேபிள் டிரம்மைப் பிரித்துப் போடக் கூடாது, காலி டிரம் அப்படியே தயாரித்த கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டும், பலகை எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருந்தது. கீழே ஒரு கேள்வி: "அக்கா, அந்தக் காலத்துல நீங்கள்லாம் பலகைய ஊட்டுக்கு எடுத்துகினு போவீங்களாமே, நெஜமாவா?"

நிஜம்தான் ரேவதி. எடுத்துக்கொண்டு போனோம். ஒளித்து வைத்துக் கடத்தவில்லை. யாருக்கு எந்த டிரம் என்று முறை வைத்துக் கொடுத்ததே நான்தான். உனக்குப் போனிலேயே பதில் தட்ட ஆரம்பித்தேன். நாலு வரிக்குள் கட்டை விரல் வலித்தது, எழுத்தும் கண்டபடி மாறியது. சரி, உட்கார்ந்து பேப்பரிலேயே எழுதிவிடலாம், உனக்குப் பிறகு வருகிறவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுவருக்குள் குழாய் வழியே ஓடுகிற மெல்லிய வயர் அட்டைப் பெட்டியில் சுருளாக வரும். வெளியே மண்ணுக்கடியில் போகிற கனத்த கேபிள் மர டிரம்மில் சுற்றி வரும். இரண்டு பக்கமும் ஆள் உயர மரச் சக்கரம், நடுவில் கேபிள். அதன் மேல் அடி படாமல் இருக்க, ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்குக் குறுக்கே பலகை பலகையாக வைத்து ஆணி அடித்து மூடியிருப்பார்கள். பலகை கழன்று விழாமல் சுற்றிலும் இரண்டு இரும்புப் பட்டை போட்டு, அந்தப் பட்டை நழுவாமல் அங்கங்கே சின்ன ஆணி அடித்திருப்பார்கள். கேபிளை இழுத்து முடித்துவிட்டால் அந்தப் பலகையைக் கேட்பாரில்லை. கம்பெனியும் கண்டுகொள்ளாது. அதனால் கேபிள் இழுக்கிற ஆட்களுக்குள் ஒரு டிரம் பலகை ஒருவருக்கு, அடுத்த டிரம் அடுத்தவருக்கு என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவிலேயே அந்தப் பலகையில் செய்த கட்டில் உண்டு, பரண் உண்டு, இட்லிக் கடை பெஞ்சு உண்டு. என் வீட்டு அடுக்களை அலமாரியும் அதுதான். இன்னும் ஆடாமல் நிற்கிறது.

நான் முதலில் வேலைக்குப் போனது பாடியில் ஒரு சின்ன வயர் பட்டறைக்கு. என் மாமனார் வீட்டு நெல் வயல் எல்லாம் பிளாட்டாகி, வீட்டில் இருந்த ஆம்பிளைகள் ஆளுக்கொரு கம்பெனிக்குக் கிளம்பியபோது நானும் கிளம்பினேன். தொண்ணூறு மீட்டர் வயரைச் சுருளாகச் சுற்றி, கட்டி, உறை போட்டு, பெட்டியில் வைக்க வேண்டும். சூப்பர்வைசர் அம்மா திடீரென்று ஒரு பெட்டியை எடுத்து, சுருளைத் தரையில் உருட்டி விடுவார். வயர் முறுக்கிக்கொள்ளாமல் நேராக வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். முறுக்கு விழுந்தால் அன்று சுற்றியது எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டும். அந்த அம்மாவைத் திட்டாத நாள் கிடையாது. பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோருக்கு ஆள் எடுத்தார்கள். அதிலிருந்து பூந்தமல்லி, ஆவடி என்று எங்கெங்கே கட்டிடம் எழும்பியதோ அங்கெல்லாம் எனக்கு ஒரு தகர ஷெட்டும் ஒரு பூட்டும்.

ஸ்டோரில் இருந்தவரை நான் போட்ட சண்டையெல்லாம் வயருக்காகத்தான். எலக்ட்ரீஷியன்கள் சுருளின் நடுவில் கையை விட்டு உள்முனையைப் பிடித்து இழுப்பார்கள். அப்படி இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு விழும். அது குழாய்க்குள் போய் வளைவில் மாட்டிக்கொள்ளும். நாலு பேர் சேர்ந்து இழுத்து, வயரின் மேல்தோல் உரிந்ததும், "யக்கா, இந்த வயரு மட்டம்" என்று என்னிடம் வந்து நிற்பார்கள். "வயரு மட்டம் இல்ல ராசா, நீ இழுத்த லட்சணம்தான் மட்டம்" என்பேன். சுற்றுகிற ஸ்டாண்டில் மாட்டி வெளிமுனையிலிருந்து இழு, வெயிலில் காயப் போடாதே, வழியில் வைத்து மிதிக்காதே என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் காய்ந்தது. ஸ்டோர் அக்காவிடம் ஒரு பெட்டி வயர் வாங்குவதும் பெண் கேட்டுப் போவதும் ஒன்று என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

சண்முகவேல் சார் எங்களுக்கு இன்ஜினீயராக வந்தது வேலப்பன்சாவடியில், ஒரு காலேஜ் ஹாஸ்டல் கட்டுகிற சைட்டில். கும்பகோணத்துக்காரர். சின்னவர் பெரியவர் யாராக இருந்தாலும் 'நீங்க' என்றுதான் பேசுவார். ஆனால் சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. தகர ஷெட்டில் அவருக்கு ஒரு தடுப்பு அறை. சைட் சத்தத்தில் மண்டைக்குள் ஒன்றும் ஓடவில்லை என்று சொந்தக் காசில் நல்ல பிளைவுட் கதவு வாங்கி, அதற்கு நிலையும் வைத்து மாட்டிக்கொண்டார். அந்தக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். இரண்டு முறை தட்ட வேண்டும். பிறகு அவர் 'வாங்க' என்கிற வரை நிற்க வேண்டும். அவசரப்பட்டு மூன்றாவது முறை தட்டினால் பதிலே வராது. நானே ஒரு தடவை கையில் பேப்பரை வைத்துக்கொண்டு, உள்ளே அவர் பேனா மூடுகிற சத்தம் கேட்கிற வரை நின்றிருக்கிறேன். எரிச்சலாக இருக்கும். வெளியே வந்து அவரைப் போலவே பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பேன்.

டிரம் வந்தால் மட்டும் சார் கதவைத் திறந்துகொண்டு தானாக வெளியே வருவார். மற்ற சைட்டுகளில் லாரியிலிருந்து டிரம்மை மணல் குவியல் மேல் உருட்டித் தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன். இவரிடம் அது நடக்காது. நடுத் துளையில் கம்பி கொடுத்து கிரேனில் தூக்கி, சக்கரம் இரண்டும் தரையில் நிற்கிற மாதிரி இறக்க வேண்டும். உருளாமல் இருக்க முன்னாலும் பின்னாலும் கட்டை வைக்க வேண்டும். நகர்த்துவதானால் சக்கரத்தில் அம்புக்குறி காட்டுகிற பக்கமாகத்தான் உருட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் உருட்டினால் உள்ளே கேபிள் தளர்ந்துவிடும். டிரம்மைச் சுற்றி மெதுவாக நடந்து, பலகை எங்காவது உடைந்திருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். கேபிள் முனையில் மூடி சரியாக இருக்கிறதா, தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மெகர் என்கிற கருவியை வைத்து மின்சாரம் எங்காவது கசிகிறதா என்று சோதிப்பார். இழுக்கிற நாள் வந்தால் இரும்புப் பட்டையை அவரேதான் வெட்டுவார். வேறு யாரும் தொடக் கூடாது. பழைய சைட்டில் ஒருவன் பட்டையை வெட்டியபோது அது எகிறி வந்து அவன் கன்னத்தைக் கிழித்துவிட்டதாம். கை உறை போட்டுக்கொண்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, முனையை மிதித்துக்கொண்டு வெட்டுவார்.

அந்தச் சைட்டில் கேபிள் இழுக்கிற ஆட்களுக்குத் தலைவன் தாஸ். எங்கள் கள்ளிக்குப்பத்துக்காரன்தான், இரண்டு தெரு தள்ளி வீடு. நல்ல வேலைக்காரன், வாய்தான் ஓயாது. அவன் மனைவி அம்சா அப்போது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஹாஸ்டலுக்குப் போக வேண்டிய பெரிய டிரம் வந்து இறங்கியது. சார் சோதித்தார், எல்லாம் சரியாக இருந்தது. பள்ளம் தோண்டி முடியாததால் டிரம் காத்துக் கிடந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. ஒருநாள் டீ நேரத்தில் தாஸ் ஸ்டோருக்கு வந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யக்கா, அந்தப் பெரிய டிரம்மு என் முறதான?"

"ஒன் முறதான். அதுக்கு இன்னா இப்ப?"

"அம்சா புள்ளைய தூக்கிகினு அவ அம்மா ஊட்லேர்ந்து வர ஞாயித்துக்கெழம வருது. ஊட்டுக்குக் கதவு இல்ல யக்கா. பழசு உளுத்துப் பூட்ச்சி. பொடவதான் தொங்குது. நாலு பலகைய மட்டும் இப்பவே உருவிக்கிறேன். மேல தார்ப்பாய் போட்டு மூடிடறேன்."

"அதெல்லாம் ஆவாது. இழுத்து முடிச்சப்புறம் மொத்தமா எடுத்துக்கோ."

"மழ பேஞ்சிகினே கீது. எப்ப இழுக்கறது, எப்ப நான் கதவு போடறது?"

"நான் தரமாட்டேன் தாஸு. வேணும்னா சார் கதவத் தட்டிக் கேளு."

"அந்தக் கதவத் தட்டிட்டு நிக்கறதுக்கு நான் பொடவையே தொங்க வுட்டுக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அதிர்ஷ்டம், வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. டிரம்மை ஜாக்கியில் தூக்கி நிறுத்தினார்கள். சார் பட்டை இரண்டையும் வெட்டினார். அதில் அடித்திருந்த ஆணிகளும் பட்டையோடு பிய்த்துக்கொண்டு வந்தன. அவற்றை அப்படியே பழைய இரும்புக் குவியலில் எறிந்தோம். தாஸ் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கினான். பள்ளத்தில் வரிசையாக ரோலர் வைத்து, கேபிள் தரையில் உரசாமல் சாயங்காலத்துக்குள் இழுத்துப் போட்டார்கள். தாஸ் ஒரு குட்டியானை லோடு வண்டி பிடித்துப் பலகையை ஏற்றிக்கொண்டு போனான். சனிக்கிழமை லீவு போட்டுக் கதவு செய்தான். ஞாயிற்றுக்கிழமை அம்சா குழந்தையோடு வந்து சேர்ந்தாள். நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்; கதவையும் குழந்தையையும் தாஸ் ஒரே பெருமையோடு காட்டினான்.

அதற்குப் பிறகு மழை கொட்டித் தீர்த்தது. பள்ளம் முழுக்கத் தண்ணீர். வடிந்ததும் மேலே மண் போட்டு மூடினார்கள். மின்சாரம் கொடுப்பதற்கு முன் சார் மறுபடி மெகர் வைத்தார். முள் எழுந்திருக்கவே இல்லை. கேபிளில் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். மெஷின் வரவழைத்து இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டினார்கள். சார் சேற்றில் முட்டி போட்டு, தன் கைக்குட்டையால் கேபிளைத் துடைத்தார். கருப்பு உறையில் உருண்டையாக ஒரு ஓட்டை. வெட்டும் இல்லை, உரசலும் இல்லை. "ஆணி" என்றார். உலர்ந்திருந்தபோது ஆணித் துளை சும்மா இருந்திருக்கிறது. தண்ணீர் போனதும் வேலையைக் காட்டிவிட்டது.

அவ்வளவுதான், எல்லோர் கண்ணும் தாஸ் பக்கம் திரும்பியது. அவன் முன்கூட்டியே பலகை கேட்டது சைட் முழுக்கத் தெரியும். அவனே சொல்லிச் சிரித்த கதைதான் அது. யாருக்கும் தெரியாமல் பட்டைக்கு அடியிலிருந்து ஒரு பலகையை உருவியிருப்பான், யாரோ வருவதைப் பார்த்துத் திரும்பச் செருகி, அவசரத்தில் நீள ஆணியாக அடித்திருப்பான் என்று பேச்சு கிளம்பியது. கேபிள் கொடுத்த கம்பெனியின் ஆள் வந்து பார்த்தார். வந்தபோது சோதித்து எல்லாம் சரி என்று நீங்கள்தானே சொன்னீர்கள், இது உங்கள் சைட்டில் நடந்த வேலை என்று சொல்லிவிட்டார். எங்கள் ஹெட் ஆபீஸிலிருந்து சாருக்குப் போன் வந்தது. சைட் ஆள் செய்தது என்றால் அந்த ஆளை உடனே நிறுத்து, வேறு சைட்டுக்கும் அனுப்பாதே என்று உத்தரவு. கேபிளைக் கெடுத்தவன் என்று பேர் வாங்கிவிட்டால் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை ஒரு கான்ட்ராக்டரும் அவனைச் சேர்க்க மாட்டான். வீட்டில் பச்சைக் குழந்தை.

சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் இரண்டு முறை தட்டி, நின்று, உள்ளே போனேன்.

"தாஸ் முன்னாடியே பலகை கேட்டாரா?"

"கேட்டான் சார்."

"நீங்க குடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"அவரா எடுத்திருக்க முடியுமா?"

"நான் சாப்பிடப் போவேன், பாத்ரூம் போவேன். டிரம்முக்குக் காவலாவா உக்காந்திருக்கேன் சார்? எனக்குத் தெரியாது."

இதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தால் தாஸ் ஷெட்டுக்கு வெளியே நிற்கிறான். தடுப்பு மெல்லிசு, பேசியது எல்லாம் கேட்டிருக்கிறது.

"இன்னா யக்கா, நீயே இப்படி சொல்லிட்ட."

"கேட்டதக் கேட்டான்னு சொன்னேன். எடுத்தான்னு சொல்லல."

"இப்ப ரெண்டும் ஒண்ணுதான் யக்கா" என்றான். அவன் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

பொய் சொல்லியிருக்கலாமா என்றுகூட நினைத்தேன். சொல்லியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? உள்ளுக்குள் இன்னொன்றும் ஓடியது. நிஜமாகவே எடுத்திருப்பானோ? குழந்தை வருகிற அவசரத்தில் யாரும் செய்யக் கூடியதுதான். அப்படி நினைத்ததற்கு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மதியத்துக்கு மேல் சார் தானே ஸ்டோருக்கு வந்தார். "அந்த டிரம் பலகையெல்லாம் இப்ப எங்க?"

"கதவாயிடுச்சு சார்."

"எந்தக் கதவு?"

"தாஸ் ஊட்டுக் கதவு."

ஜீப்பை எடுக்கச் சொன்னார். தாஸையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். எதற்குப் போகிறோம் என்று அவர் சொல்லவில்லை. தாஸ் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டு முன்னால் இறங்கினதும் தாஸ், "அம்சா, நாந்தான், தொற" என்று குரல் கொடுக்கப் போனான். சார் கையைக் காட்டி நிறுத்தினார். தானே முன்னால் போய் அந்தப் பலகைக் கதவை இரண்டு முறை தட்டினார். தட்டிவிட்டுத் தள்ளி நின்றார். உள்ளே குழந்தை சிணுங்கியது. புடவை சரிசெய்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. அதுவரை அவர் அசையவில்லை.

"அம்மா, நான் தாஸ் வேலை பார்க்கிற சைட் இன்ஜினீயர். உங்க கதவைக் கொஞ்சம் பாத்துக்கலாமா?"

அம்சாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு இருந்த கடுப்பெல்லாம் கொட்டிவிட்டது. "நல்லா பாருங்க சார். ஊரெல்லாம் பெருமையடிச்சிகினு கீறாரு, கதவு போட்டேன் கதவு போட்டேன்னு. நடுவுல ஓட்ட. புள்ளைக்குப் பால் குடுக்க உக்காந்தா தெருவுல போறவன் கண்ணு வெச்சிப் பாக்கலாம். சொன்னா காதுலயே வாங்கல. நான்தான் மெழுவத்திய உருக்கி ஊத்தி அடச்சி வெச்சிகீறேன்."

"எந்த இடத்துல ஓட்டைம்மா?"

அவள் விரல் வைத்துக் காட்டினாள். சார் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நானும் குனிந்து பார்த்தேன். பலகைகளைக் குறுக்காகப் படுக்க வைத்து, இரண்டு சட்டத்தில் அடித்திருந்தான் தாஸ். இரும்புப் பட்டை இருந்த இடம் துருக்கறையாகப் பலகையில் தங்கியிருந்ததால், கதவில் மேலிருந்து கீழே இரண்டு சிவப்புக் கோடு ஓடியது. கோட்டில் அங்கங்கே ஆணி அடித்த சின்னக் குழி இருந்தது. அவை எதுவும் பலகையின் அந்தப் பக்கம் போகவில்லை. ஒன்று மட்டும் போயிருந்தது. அம்சா மெழுகு ஊற்றிய ஓட்டை அதுதான், கோட்டின் நட்ட நடுவில்.

"ஊக்கு இருக்கா?" என்று கேட்டார். என் தாலிச் சரட்டில் எப்போதும் இரண்டு ஊக்கு கிடக்கும். ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். மெழுகைப் பொறுமையாக நோண்டி எடுத்தார். ஓட்டை வழியே உள்ளே எரிந்த பல்பு தெரிந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தார். விரலால் தடவினார். கதவின் மற்ற ஆணிகளை எல்லாம் பார்த்தார். பிறகுதான் பேசினார்.

"தாஸ், நீங்க அடிச்ச ஆணியெல்லாம் ஓரத்துல இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஆணித் தலை அழுந்தின தடம் இருக்கு. இதுல தடம் இல்ல. இது பட்டைக்கு மேல வெச்சு அடிச்ச ஆணி. தலை பட்டையில நின்னிருக்கு. பட்டையை வெட்டினது நான். அதுவரைக்கும் அது முழுசா இருந்துச்சு, நானே சுத்திப் பாத்திருக்கேன். ஓட்டைக்குள்ள துரு ஊறிக் கருத்திருக்கு. நம்ம சைட்டுல டிரம் கெடந்த நாளுக்குள்ள இப்படி ஊறாது. டிரம்முக்குப் பட்டை கட்டின எடத்துல, சின்ன ஆணிக்குப் பதிலா பெரிய ஆணி ஒண்ண எடுத்து அடிச்சிருக்காங்க."

தாஸ் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினான். அம்சா பயந்து போனாள். "இன்னாக்கா ஆச்சு? ஒரு ஓட்டைக்கு இன்னாத்துக்கு இப்டி அழுவுறாரு?" அவன் வேலை போகவிருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவன். நான் சொன்னேன். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

சார் அங்கேயே நின்று கேபிள் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டார். அவர் லேசில் மடங்கவில்லை. ஒற்றைப் பலகையைக் கொண்டுவந்து காட்டினால் எப்படி நம்புவது, பட்டை ஓடிய கோடு முழுக்கத் தெரிகிற மாதிரி எல்லாப் பலகையும் வேண்டும் என்றார். எல்லாப் பலகையும் என்றால் முழுக் கதவு.

சார் போனை வைத்துவிட்டு அம்சாவிடம் திரும்பினார். "அம்மா, இந்தக் கதவு எனக்கு வேணும்."

"கதவையா கேக்கறீங்க?" அவள் வானத்தைப் பார்த்தாள். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. "இவரு வேல நெலைக்கும்னா எடுத்துகினு போங்க சார். எப்ப திருப்பித் தருவீங்க?"

வேறு யாராக இருந்தாலும் நாளைக்கே என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். சார், "தெரியாதும்மா" என்றார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. தாஸ் கீலைக் கழற்றினான். கதவை ஜீப் மேல் கட்டினோம். புறப்படும்போது திரும்பிப் பார்த்தேன், அம்சா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் புடவையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கேபிள் கம்பெனிக்குக் கதவை எடுத்துக்கொண்டு போனோம். அவர்கள் ஆட்கள் நாலு பேர் அதைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். சார் கேபிளின் ஓட்டை விழுந்த துண்டையும் எடுத்துப் போயிருந்தார். டிரம்முக்குப் பலகை அடிக்கிற பகுதியின் மேஸ்திரி வந்தார். வயதானவர். தன் பக்கத்து டப்பாவிலிருந்து ஒரு பெரிய ஆணியை எடுத்து அவரே பலகை ஓட்டையில் நுழைத்தார்; பின்னால் வந்த முனையை கேபிள் ஓட்டையில் வைத்தார். அப்படியே போய் உட்கார்ந்தது. "எங்க டப்பாவுல கலந்துபோச்சு சார்" என்றார். அவர் மறைக்காமல் சொன்னதை நான் இன்றும் மரியாதையோடுதான் நினைக்கிறேன். கம்பெனி வேறு கேபிள் தர ஒப்புக்கொண்டது. ஆனால் கதவு அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் மேலிடத்துக்குக் காட்ட வேண்டுமாம். தாஸ் சரி சரி என்று தலையாட்டினான். அவனிடம் அன்று கூரையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான்.

சைட்டுக்குத் திரும்பியதும் சார் நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தோம். உள்ளே இரும்பு உரசுகிற சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த பிளைவுட் கதவு லேசாக ஆடியது, பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சார் கையில் திருப்புளியோடு அதைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

"தாஸ், ஒரு கை பிடிங்க."

"சார், இது உங்க கதவு."

"உங்க வாசலுக்குக் கொஞ்சம் பெருசா இருக்கும். அடியில அறுத்துக்கோங்க." பிறகு நிஜமாகவே கதவை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டை இல்ல. பாத்துட்டேன்."

மழை வருவதற்குள் அது கள்ளிக்குப்பம் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் அம்சா வீட்டில் இருக்கிறது. வீடு தளம் போட்டுக் கட்டிய பிறகு பின்வாசலுக்கு மாறிவிட்டது.

ரேவதி, நீ அனுப்பிய போர்டு சரிதான். பலகை யார் வீட்டுக்கும் போக வேண்டாம். கேபிள் மேல் இருக்கும்போதே ஒருவன் கண் அதன் மேல் விழுவது நல்லதில்லை. சந்தேகமும் அதனால்தான் வந்தது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. டிரம் வந்து இறங்கினால் மட்டும், பட்டை ஓடுகிற வழியில் ஒரு சுற்று நடந்து ஆணித் தலைகளைப் பார்த்துவிடு. ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருந்தால் கையெழுத்துப் போடாதே.

கதவு போன மறுநாள் நான் சாரிடம் கையெழுத்து வாங்கப் போனேன். அறை வாசல் திறந்து கிடந்தது. காற்றில் பேப்பர் பறக்காமல் இருக்க மேசையில் செங்கல் துண்டுகளை வைத்திருந்தார். குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், நான் நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை. உள்ளே போகலாமா வேண்டாமா என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குப் பின்னால் தாஸும் வந்து நின்றான். அவன்தான் கேட்டான்.

"சார், தட்டறதுக்குக் கதவு இல்லியே, இன்னா செய்யறது?"

"நிலை இருக்கே" என்றார் எழுதிக்கொண்டே.

அந்த வேலை முடிகிற வரை நாங்கள் எல்லோரும் அந்தக் காலி வாசலில் நின்று மர நிலையைத்தான் தட்டினோம். அவரைப் போலப் பேசிக் காட்டுவதை நான் விட்டுவிட்டேன். எங்களுக்கு அவர் முகம் தெரியும், அவருக்கும் எங்கள் முகம் தெரியும். இருந்தாலும் இரண்டு முறை தட்டிவிட்டுக் காத்திருப்போம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நிமிர்ந்து, "வாங்க" என்பார்.